தீமிதி முடியட்டும் என்றார் பூங்காவனத்தக்கா

ஆட்டோவில் மைக் கட்டி, ஊர் ஊராகப் போய்ப் புற்றுநோய் முகாமுக்குப் பெண்களைக் கூப்பிடலாம் என்று உங்களில் யாருக்காவது யோசனை வந்தால், தயவுசெய்து முதலில் என்னிடம் வாருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் தடுத்துவிடுகிறேன். நாங்கள் அதைச் செய்து பார்த்தவர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், தாய்மார்களே திரண்டு வாரீர் என்று ஒருவர் தேர்தல் பிரச்சாரம் போல முழங்கிக்கொண்டே போனார். மறுநாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்கள் ஒருவரும் வரவில்லை. தகப்பன்மார்கள்தான் வந்தார்கள், பிரஷர் பார்த்துக்கொள்ள.

நான் 1993இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், பிரம்மதேசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. சைக்கிளில் தொடங்கி ஸ்கூட்டியில் முடித்தேன். இப்போது கோலியனூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பரிசோதனை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தள்ளுவதா, விட்டுப் பிடிப்பதா என்று நமக்குத் தெரியவில்லை, டாக்டர் போனில் காத்திருக்கிறார். அந்த நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் எங்களுக்குத் தெரிந்தது பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, இவ்வளவுதான். மார்பில் கட்டி என்றால் பால் கட்டியிருக்கும் என்பார்கள். ஒரு பெண் மார்பில் ஆமணக்கு இலையைச் சூடு காட்டி வைத்துக் கட்டி, அதன் மேல் ஜாக்கெட் போட்டு, மாதக்கணக்கில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வாடை வரத் தொடங்கிய பிறகுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். இன்னும் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று அங்கே கேட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அவர் பிழைக்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், வீட்டில் பாத்திரங்களின் மேல் காட்டினேன். அந்தக் கோபம் எனக்குக் கடைசிவரை இருந்தது. அது இருந்ததால்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் பின்னாளில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கென்று எங்கள் நிலையத்தில் தனி அறை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அறையைக் கழுவி, புதுத் திரை தைத்துப் போட்டு, கதவில் கொட்டை எழுத்தில் புற்றுநோய்ப் பரிசோதனை அறை என்றும் எழுதி வைத்தோம். அந்தக் கதவு நேராகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் அத்தனை பேருக்கும் அந்த அறைக்குள் யார் போகிறாள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறாள் என்பது நன்றாகத் தெரியும். எந்தப் பெண் போவாள்? மூட்டு வலி, தலை சுற்றல் என்று வந்த பெண்கள்கூட அந்தக் கதவைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி நடந்தார்கள்.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். சின்ன வயது, துடிப்பு, கொஞ்சம் அவசரக்காரி. எழுத்தை அழித்துவிடலாம் என்று அவர் சொன்னார். அழித்தால் மட்டும் போதாது, வருகிற பெண்கள் எல்லாரையும் அந்த அறைக்கே கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். பிரஷரா, உள்ளே வா. சுகரா, உள்ளே வா. இரும்புச் சத்து மாத்திரையா, அதுவும் உள்ளேதான். யார் வந்தாலும் கதவைச் சாத்துவோம். வெளியே நிற்பவருக்கு யாருக்கு என்ன பார்த்தோம் என்று தெரியாமல் போயிற்று. ஒரே மாதத்தில் அறைக்கு வெளியே பெஞ்சு போட வேண்டி வந்தது. உங்களுக்கு வரும் அறை எப்படி இருந்தாலும், முதல் நாள் நீங்கள் வெளியே போய்ப் பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்று அதைப் பாருங்கள்.

இன்னொரு தடவை பொம்மையார்பாளையத்தில் முகாம். கடற்கரை ஊர். எங்கள் வழக்கப்படி காலை பத்து மணிக்கு மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பத்து மணிக்கு அந்த ஊர்ப் பெண்கள் மீன் கூடையோடு புதுச்சேரியில் இருப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம்வரை சீட்டாடுகிறவர்களை வேடிக்கை பார்த்தோம். பிறகு வண்டிக்காரரிடம் கெஞ்சி, திரும்பிப் போவதைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். மூன்று மணிக்குப் பெண்கள் காலிக் கூடையோடு வந்து இறங்கினார்கள், வியர்வையும் மீன் வாடையும் சிரிப்புமாக. மார்பை மாதம் ஒரு தடவை தாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே ஒருவர் கையமர்த்தினார்.

"செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீன வாங்க மாட்டேன் நானு. தெனம் அடுத்த வீட்டு மீனப் பாக்கறேன், என்னுத நான் பாத்துக்க மாட்டனா? எங்கெங்க அமுக்கணும், அத மட்டும் ஜல்தியா சொல்லும்மா."

அதற்குப் பிறகு எங்கே வகுப்பு எடுத்தாலும் அந்த அம்மாவின் பேச்சைத்தான் எடுத்துவிட்டேன். என் அரை மணி நேரப் பேச்சைவிட அது நன்றாக வேலை செய்தது.

இப்போது பூங்காவனத்தக்காவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பிரம்மதேசத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் மகளிர் குழுவுக்குத் தலைவி அவர். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். என்னைவிடச் சில வயது மூத்தவர், குரல் மட்டும் நான்கு ஆளுக்கு இருக்கும். அவர் கூப்பிட்டால் வராத பெண் அந்த ஊரில் கிடையாது. அவர் கூப்பிடுகிற விதம் அப்படி. வாசலில் நின்று, நீ வர்றியா, இல்ல நான் உள்ள வரட்டா என்பார். எங்கள் பரிசோதனை நாளுக்கு அவர் வாரா வாரம் பஸ் நிறையப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். அக்கா மட்டும் வெளியே பெஞ்சில் எல்லாருடைய பைகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு காவல் இருப்பார். நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லையா என்று கேட்டால், எனக்கு இன்னா கேடு என்று சிரிப்பார். பந்தி பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடாமலே போய்விடுவார்களே, அந்த மாதிரி.

ஒரு புதன்கிழமை நான் பெஞ்சுக்குப் போய் அந்தப் பைகளையெல்லாம் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, அவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தேன். பை பத்திரமாக இருக்கும், உள்ளே போங்கள் என்றேன். கூட வந்த பெண்களுக்குக் குஷி தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு கை கொடுத்து அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அக்கா உள்ளேயிருந்து எல்லாரையும் திட்டுவது வெளியே கேட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் டாக்டர் கதவை ஒரு விரற்கடை திறந்து, சிஸ்டர் கொஞ்சம் வாங்க என்றார்.

இந்தப் பரிசோதனையில் கர்ப்பப்பையின் வாயில் வினிகர் போன்ற ஒரு மருந்தைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்போம். மாற்றம் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. டாக்டர் அவரை உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னார்: இது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, இல்லை என்றும் இப்போது சொல்ல முடியாது, விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கருவி வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்தார், என் மடியிலிருந்து பைகளை எடுத்து அவரவரிடம் கொடுத்தார், வழக்கம்போல எல்லாரையும் அதட்டிப் பஸ் ஏற்றினார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

விழுப்புரம் போக வேண்டிய நாள் வருவதற்குள் அந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வருடா வருடம் தீ மிதிக்கிறவர். மஞ்சள் துணியும் கையில் காப்புமாக விரதம் இருப்பார். அந்த வீட்டில் விரதம் முடியும்வரை சாவு வீட்டுக்கும் போக மாட்டார்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போக மாட்டார்கள், ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்க மாட்டார்கள். தீட்டு. தீக்குண்டத்தில் இறங்குகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுப் பெண் எங்கே போய்விட்டு வந்தாள் என்றுதான் ஊர் கேட்கும்.

"தீமிதி முடியட்டும் நர்சம்மா. மறுநாளே வர்றேன்" என்றார் அக்கா.

டாக்டர் கேட்கவில்லை. நாளைக்கே ஜீப்பை அனுப்புகிறேன், ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். எனக்கும் அவருக்கும் நல்ல வாக்குவாதம். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பரிசோதனைக்கு வந்து, சந்தேகம் என்று தெரிந்து, அடுத்த படிக்கு வராமலே காணாமல் போன பெண்களை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். ஆனால் காப்புக் கட்டிய வீட்டு வாசலில் அரசாங்க ஜீப் போய் நின்றால், அக்கா மானம் போகிறதே என்று ஏற மாட்டார். ஏறினாலும் அந்த ஊரிலிருந்து வேறு ஒரு பெண்ணும் எங்கள் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். வெள்ளைத் திட்டு பாம்புக்கடி இல்லை டாக்டர், சில நாள் பொறுக்கும் என்றேன். உங்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன்: கண்ணுக்குத் தெரியும் புண்ணோ, இரத்தப் போக்கோ இருந்திருந்தால் நான் சாமியோடு சண்டை போட்டாவது அன்றைக்கே கூட்டிப் போயிருப்பேன். எது பொறுக்கும், எது பொறுக்காது என்று தெரிந்துகொள்ளத்தான் நமக்குப் படிப்பு. டாக்டர் கடைசியில் உங்கள் பொறுப்பு சிஸ்டர் என்று சொல்லி விட்டுவிட்டார். அந்த வார்த்தை அன்றிலிருந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

தீமிதிக்கு நானும் போனேன். கூட்டத்தில் அக்கா என் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்று போனேன். வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்கிறாய், தீமிதிக்கு மட்டும் லீவு கிடைக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். அக்காவின் கணவர் கரகத்துக்குப் பின்னால் வந்து குண்டத்தில் இறங்கி, விறுவிறுவென்று நடந்து, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் ஏறினார். ஊரே நெருப்பைப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

மறுநாள் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நான் விழுப்புரம் பஸ்களாக விட்டுக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அக்கா வரவில்லை. போன் செய்தால், திருவிழாவின் கடைசியில் வரும் தருமர் பட்டாபிஷேகம் முடிந்தால்தான் காப்பு அவிழ்ப்பார்கள் என்றார். கோயில் குளம் எல்லாம் சேர்த்து எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான், பட்டாபிஷேகக் கணக்கு எனக்கு எங்கே தெரியும்? சரி என்றேன். அதுவும் முடிந்தது. அடுத்து போன் செய்தேன். மல்லாட்டை பறிக்கிற பருவம் வந்துவிட்டதாம், ஆள் கிடைக்காத பேஜாராம். அத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது.

நான் அப்பவே சொன்னேனே என்று டாக்டர் சொல்லிக் காட்டவில்லை. அதற்காக இன்றும் அவரை மெச்சுகிறேன். ஆனால் வேறொன்று சொன்னார். குழுவில் யாராவது ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்கள் பேசி இழுத்துவருவார்கள் என்றார். அது நடந்திருக்கும், நிச்சயம் நடந்திருக்கும். ஒரே ஒரு போன் போதும். என் கை போன் வரைக்கும் போனது. ஆனால் அது அக்காவின் உடம்பு, அக்காவின் விஷயம். அதை எடுத்து இன்னொருத்தி கையில் கொடுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? அன்றைக்கு நான் போன் செய்திருந்தால் அவர் விழுப்புரத்துக்கு வந்திருப்பார், ஆனால் அதன் பிறகு என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். நான் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததற்கு அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். ஆமணக்கு இலை கட்டிய அந்தப் பெண்ணின் பார்வை அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருக் கர்ப்பிணியைப் பார்க்கிற சாக்கில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் திரும்பவில்லை. நானும் மாட்டுக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டேன். மாடு ஒரு தடவை வாலைச் சுழற்றி என் கன்னத்தில் அடித்தது. அக்கா சொல்லிக் கொடுத்து வைத்திருப்பார் போல.

"காப்பும் அவுத்தாச்சு, பட்டாபிஷேகமும் ஆச்சு. மல்லாட்டை மண்ணுக்குள்ள பத்திரமாத்தான் கீது. இன்னும் இன்னாக்கா?" என்றேன்.

அக்கா கறந்துகொண்டே, மாட்டிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"எனக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தியும் வர மாட்டா நர்சம்மா. எல்லாரையும் இஸ்துக்கினு போனாளே, அவளுக்கே வந்துச்சாம்னு பேசுவாளுங்க. டெஸ்டு எடுத்துதான் வந்துச்சின்னுகூட சொல்லுவாளுங்க. உன் ரூமு காலியாப் பூடும்."

என் அறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது என் பாடு என்றேன். அது ஊருக்காகப் படுகிற கவலை, உங்களுக்காக என்ன கவலை என்று கேட்டேன். பால் கறக்கிற சத்தம் நின்றது.

"பயமா இருக்குதும்மா" என்றார்.

அவ்வளவு பெரிய குரல், அவ்வளவு சின்னதாக வந்தது. ஒன்றும் இருக்காதுக்கா என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. பிள்ளைகளே, அதை மட்டும் சொல்லாதீர்கள். நமக்குத் தெரியாது. தெரியாததை ஆறுதலாகச் சொல்லி, நாளைக்கு அது வேறு மாதிரி ஆனால், அவள் நம்மிடம் வரவே மாட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எப்படி வந்தாலும் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நான் இருப்பேன் என்றேன். அப்புறம் ஒன்று கேட்கத் தோன்றியது. யோசித்துக் கேட்டதில்லை, தானாக வந்தது.

"வாசல் வாசலாப் போய் அத்தினி பேரக் கூட்டிக்கினு வந்தீங்களே, இன்னா சொல்லிக் கூட்டிக்கினு வந்தீங்க?"

"ஏதோ ஒண்ணு இருந்தா சின்னதுலயே பாத்துக்கலாம், முத்த வுடாதீங்கடின்னு சொன்னேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது என் சுபாவத்துக்கு மிகவும் கஷ்டமான காரியம், ஆனால் அன்றைக்கு மூடிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, நாளை மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில் நிற்பேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா பால் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் காலையில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நான் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு பாதுகாப்புக்குத் திரௌபதி அம்மனையும் வேண்டிக்கொண்டேன். அவர்கள் ஊர்ப் பஸ் வந்தது. முதல் ஆளாக அக்கா இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்குப் பின்னால் இன்னொரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி, புளிச்சோற்றுத் தூக்கோடு ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒருத்தி என்று குழுவே இறங்கிக்கொண்டிருந்தது. என்னம்மா கல்யாணமா என்று கண்டக்டர் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று ஒரே குரலில் பதில் வந்தது. அவர் விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் குழுக் கூட்டத்தில் அக்காவே எழுந்து நின்று, எனக்கு வெள்ளையாத் தெரிஞ்சிருக்குது, விழுப்புரம் போய்ப் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார். உடனே ஒருத்தி, எங்கள நீங்க இஸ்துக்கினு போனீங்க, உங்கள யாரு இஸ்துக்கினு போறது என்றாளாம். அதற்கு மேல் விவாதமே நடக்கவில்லை. யார் புளிச்சோறு கட்டுவது என்பதில்தான் சண்டையாம்.

ஒரு நோயாளிக்கு ஒரு துணையைத்தான் உள்ளே விடுவேன் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். பாவம், நல்ல மனிதர், தன் வேலையைச் செய்தார். எல்லாரும் தங்கச்சி என்றார்கள். ஒரு வீட்டில் இத்தனை தங்கச்சியா என்றார் அவர். எங்க அம்மா மகராசி என்று ஒருத்தி சொன்னாள். பிறகு புளிச்சோற்றில் ஒரு பங்கு அவருக்கும் போனது, மரத்தடியில் உட்காரலாம் என்று ஏற்பாடானது. உள்ளே அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா சதையெடுத்து முடித்துவிட்டு, பூங்காவனத்தோடு யார் வந்திருப்பது என்று கதவைத் திறந்து கேட்டார். நான் எழுந்தேன். மரத்தடியிலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். திரும்பும் வழியில் அக்கா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பல நாளாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு வந்ததும் டாக்டரும் நானும் சேர்ந்து படித்தோம். டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சிஸ்டர், நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார்.

அக்கா வீட்டில் இல்லை. மல்லாட்டைக் கொல்லைக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஊர்ப் பெண்களும் வெளியூரிலிருந்து பறிக்க வந்த பெண்களுமாக வரிசை பிடித்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. அக்கா நிமிர்ந்தார். ஒரு கையில் மண்ணோடு செடி. நான் வரப்பில் நின்று, இப்படிக் கொஞ்சம் வாங்கக்கா என்றேன். தனியாகத்தான் சொல்ல வேண்டும். நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் சரி, நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அக்கா நகரவில்லை.

"இங்கியே சொல்லு நர்சம்மா. இவங்களுக்குத் தெரியாதது இனிமே எனக்கு இன்னா இருக்குது?"

இது அவருடைய விஷயம் என்றுதானே நான் பொத்திப் பொத்தி வைத்தேன். இப்போது அவரே எல்லார் முன்னாலும் கேட்கிறார். அவர் கேட்டபடி சொன்னேன். புற்றுநோய் இல்லை என்று முதலில் சொன்னேன். விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி ஆகியிருக்கலாம், அதற்கு முந்தின நிலை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, கெட்டுப்போகப் பார்த்த அந்தக் கொஞ்ச இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், அப்புறம் சொன்ன நேரத்தில் வந்து வந்து காட்டிக்கொள்ள வேண்டும் என்றேன். உரக்கச் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அக்கா இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். பிடுங்கிய செடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் இரண்டும் செய்தார்கள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க, பொழுது போவுது என்று பழைய குரலில் அதட்டினார். எல்லாரும் குனிந்தார்கள்.

நான் வண்டியை எடுக்கத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் குனியாமல் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்தவள், நான் அதுவரை பார்த்திராத முகம். தயங்கித் தயங்கி வரப்பு வரைக்கும் வந்து, கைமண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"எங்க ஊர்ல இருந்தும் வரலாங்களா? என்னிக்கிங்க பாப்பீங்க?"